டிஸ்க் சொன்ன ஆச்சு

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அவளைவிட மூத்தவரான கணக்குப் பிரிவு அம்மாள் அண்ணி என்று கூப்பிட்டார். தேநீர் கொண்டுவரும் பெரியவரும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், குழுத் தலைவனான அவளுடைய கொழுந்தன் அவளை அறிமுகப்படுத்த வாயைத் திறந்து, பெயரைச் சொல்லப் போய், பழக்கதோஷத்தில் “இவங்க எங்க அண்ணி” என்று உளறிவிட்டான். அறையே சிரித்தது. அன்றோடு அவள் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. சிபாரிசு என்ற சொல்லும் கூடவே ஒட்டிக்கொண்டது. இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது வேலையை விட்டவள், அவர்கள் தங்கள் தலையைத் தாங்களே வாரிக்கொள்ளும் வயது வந்ததும் திரும்பி வந்திருந்தாள். நேர்முகத் தேர்வு நடந்தபோது கொழுந்தன் அந்த மாடியிலேயே இல்லை. மூன்று பேர் மாறி மாறிக் குடைந்தார்கள், அவளும் விடாமல் பதில் சொன்னாள். ஆனால் அதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய முடியுமா? வேலையில் காட்டினால் தெரிந்துகொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த நிறுவனம் செய்வது ஒரே ஒரு பெட்டி. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும். நோயாளிக்கு மருந்து செலுத்தும் பம்புகளோடு அதை இணைத்துவிடுவார்கள். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது உடம்புக்குள் போனது என்று ஒவ்வொன்றையும், கூடவே நாடித்துடிப்பையும், அது பதிவு செய்யும். மருந்து பதிவானதும் திரையில் ஒரு பச்சைக் குறி வரும். நடுவில் கரண்ட் போய்த் திரும்பினால் நர்ஸ் ஓடிவந்து முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். கடைசி மருந்து போயிற்றா இல்லையா? போயிற்று என்று பெட்டி சொன்னால் சும்மா இருப்பார். பதிவு இல்லையென்றால், போகவில்லை என்று நினைத்து மறுபடி கொடுத்துவிடக்கூடும். போன மருந்தே இன்னொரு முறை போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெட்டிக்குள் ஓடும் இயக்க முறைமையின் கருவில், அதாவது கெர்னலில், அண்ணிக்கு ஒரு மூலை கொடுத்திருந்தார்கள். மேலே இருக்கும் ப்ரோகிராம்கள் ‘இதை எழுது’ என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடும். கீழே டிஸ்க் இருக்கிறது. அது எழுத்து எழுத்தாக வாங்காது, பிளாக் பிளாக்காகத்தான் வாங்கும். நடுவில் நிற்பவள் எல்லாவற்றையும் பிளாக்காகக் கட்ட வேண்டும், பக்கத்துப் பக்கத்து இடத்துக்குப் போக வேண்டியதை ஒன்றாகச் சேர்க்க வேண்டும், வரிசையில் நிறுத்தி டிஸ்க்குக்குக் கொடுக்க வேண்டும், அது முடிந்தது என்று குரல் கொடுத்ததும் மேலே கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒழுங்காக நடந்தால் இப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பினால் மட்டும் ஊரே திரும்பிப் பார்க்கும். “வீட்ல பண்றதையே அங்கயும் போய்ப் பண்றே, அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்க” என்று அவள் கணவர் கிண்டல் செய்வார். அவர் பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர். வண்டிகளை வரிசையில் விடுகிற வேலையைத் தவிர உலகத்தில் வேறு வேலையே இல்லை என்பது அவர் கட்சி.

டிஸ்க்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுதச் சொன்னதை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொள்ளும். இன்னும் ஒரு பொட்டுகூட எழுதியிருக்காது, ஆனால் ‘ஆச்சு’ என்று சொல்லிவிடும். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. சேர்த்து வைத்து மொத்தமாக எழுதினால் அதற்குச் சுளுவு, கேட்டவனுக்கும் வேகம். கரண்ட் இருக்கும்வரை இதனால் யாருக்கும் ஒரு பாதகமும் கிடையாது. கரண்ட் போனால்தான் வம்பு. மடியில் இருந்தது மடியோடு போய்விடும்.

இந்தப் பழக்கத்தை அண்ணி எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டிலேயே பார்த்தவள். அவள் மருமகளாக வந்தபோது கொழுந்தன் அரைக்கால் சட்டைப் பையன். வீட்டுப்பாடம் ஆச்சாடா என்றால் “ஆச்சு அண்ணி”, நோட்டு வெள்ளையாக இருக்கும். குளிச்சாச்சா என்றால் “ஆச்சு அண்ணி”, தலையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. பொய்யன் என்று சொல்ல முடியாது. எப்படியும் செய்யத்தான் போகிறோம், முன்கூட்டியே சொல்லிவைத்தால் என்ன என்கிற தாராள மனசு. அவனை வைத்துக்கொண்டு அண்ணி கற்றுக்கொண்டது ஒரே ஒரு உபாயம்தான். அவன் ஆச்சு என்றதும் அதோடு விட மாட்டாள். “சரி, போய்ப் பார்க்கவா?” என்பாள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பிறகுதான் உண்மை வெளியே வரும்.

கெர்னலில் அவள் எழுதியதும் அந்த இரண்டாவது கேள்விதான். அதற்கு ஃப்ளஷ் என்று பெயர். மடியில் இருப்பதையெல்லாம் கீழே எழுதி முடித்துவிட்டு அப்புறம் பதில் சொல் என்று டிஸ்க்கைப் பிடித்துக் கேட்பது. அதன் பதில் வந்த பிறகுதான் மேலே ‘பதிவாயிற்று’ என்று சொல்ல வேண்டும், பச்சைக் குறி வர வேண்டும். சில வரிகள்தான். இந்த வேலைக்குத் திரும்பி வந்த பிறகு முழுக்க முழுக்க அவள் கைப்பட எழுதிய முதல் வரிகள்.

ஒரு திங்கட்கிழமை காலை கொழுந்தன் அவள் மேசைக்கு வந்து, நின்றபடியே பேனாவைத் திருகிக்கொண்டிருந்தான். ஏதோ கசப்பான சமாச்சாரம் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

“அண்ணி, உங்க ஃப்ளஷ்ஷைத் தூக்கிட்டேன்.”

“எதுக்கு?”

“வேகம் ரொம்ப அடிவாங்குது. ஒவ்வொரு தடவை எழுதின பிறகும் டிஸ்க்கைப் பிடிச்சு நிறுத்தி, சத்தியமா எழுதினியான்னு கேட்டுட்டு நிக்கிறோம். ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு பெட்டியில நாலு பம்ப் ஓடணும்னு கேட்டிருக்காங்க. உங்களோடது இருந்தா ரெண்டுதான் ஓடுது. மூணாவது திணறுது.”

“தம்பி, டிஸ்க் முடிஞ்சுதுன்னு சொல்றதை அப்படியே நம்புறியா?”

“நம்பாம என்ன பண்றது? நல்ல கம்பெனி டிஸ்க்குதான். வீணா எதுக்குச் சந்தேகம்? வேணும்னா பிடுங்கிப் பார்த்துடலாம்.”

பிடுங்கிப் பார்ப்பது என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். பெட்டி முழு மூச்சாக எழுதிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவார்கள். பிறகு மறுபடி கரண்ட் கொடுத்து, எது பிழைத்தது எது போனது என்று பார்ப்பார்கள். பெட்டி காட்டுகிற ஒவ்வொரு பச்சைக் குறியும் பக்கத்துக் கணினிக்கும் போகும்படி ஒரு வயர் இழுத்திருப்பார்கள். அதனால் பெட்டி எதையெல்லாம் ஆச்சு என்று சொன்னது என்பதற்கு வெளியே சாட்சி இருக்கும். பிடுங்குகிறவருக்கு எமன் என்று பட்டம். ப்ரோகிராம் எழுதியவர்கள் எமனாக இருக்கக் கூடாது என்பது சட்டம். தெரிந்தவன் கை தெரிந்த நேரத்தில்தான் பிடுங்கும், எமன் சொல்லிவிட்டா வருவான்? அதனால் அந்தப் பக்கம் போகிற வருகிற யாரையாவது பிடித்து உட்காரவைப்பார்கள்.

அன்றைக்கு எமன் கணக்குப் பிரிவு அம்மாள். அவருக்கு இந்த வேலையென்றால் கொள்ளைப் பிரியம். நாள் முழுக்க ஒன்றையும் கெடுக்காமல் காப்பாற்றுவதே பிழைப்பாகப் போனவருக்கு, கெடுக்கச் சொல்லிக் கூப்பிட்டால் கசக்குமா? புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றார். கொழுந்தனின் மாற்றத்தோடு பெட்டியை ஓடவிட்டார்கள். நான்கு பம்பும் ஜம்மென்று ஓடின. அம்மாள் பிடுங்கினார். மறுபடி செருகினார்கள். ஒரு பதிவுகூடக் குறையவில்லை. மறுபடி பிடுங்கினார், மறுபடியும் எல்லாம் இருந்தது. கை வலிக்கிறது என்று அவர் சொல்லும்வரை பிடுங்கச் சொன்னார்கள். ஒன்றும் போகவில்லை.

“பார்த்தீங்களா அண்ணி” என்றான் கொழுந்தன். அதில் ஏளனம் இல்லை. உண்மையிலேயே அவளுக்கு நல்ல சேதி சொல்கிற குரல்தான். அதுதான் இன்னும் வலித்தது. ஓரத்து மேசையில் யாரோ மெதுவாக, “குடும்பச் சண்டை, நமக்கெதுக்கு” என்றார்கள். அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சூடாகியிருந்தது. இந்த ஒரு விஷயம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள், அதுவும் தெரியவில்லை என்றால் இங்கே எதற்கு வந்தோம் என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. அந்த வரிகள் இல்லாமலே வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்டுவது என்று முடிவானது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பெட்டி நேரே வார்டுகளுக்குப் போய்விடும்.

ராத்திரி வீட்டில் ஐவருமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். கொழுந்தன் மாடி அறையில் இருக்கிறான், சாப்பாடு மட்டும் கீழே. பிள்ளைகள் இருவரும் எதற்கோ அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி பரிமாறிவிட்டுத் தன் தட்டோடு உட்கார்ந்தாள். அலுவலகத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, கொழுந்தனும் பேசவில்லை. அவள் கணவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புத்திசாலியாகத் தம்பியிடம் வேறு பேச்சை எடுத்தார்.

“கேட்டைப் பூட்டினியாடா?”

“ஆச்சுண்ணா.”

இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு செல்போனை எடுத்துப் பார்த்து, “சார்ஜர் வண்டியிலயே இருக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனான். வாசல் பக்கம் பூட்டு மாட்டும் சத்தம் க்ளக்கென்று கேட்டது. கையில் சார்ஜர் எதுவும் இல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

அவள் கணவர் கை கழுவப் போகிற சாக்கில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கேட் பூட்டியிருந்தது. “பரவாயில்லையே, திருந்திட்டான்” என்றார்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் சிரித்தாள். பிறகு கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

ஆச்சு என்று சொன்னபோது பூட்டவில்லை. அவர் போய்ப் பார்த்தபோது பூட்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இவனுக்கு எழுந்து போக நேரம் கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. பிடுங்கிவிட்டோம், பிடுங்கிவிட்டோம் என்று துள்ளினோமே, பிடுங்கிய பிறகும் அந்த டிஸ்க்குக்கு எழுந்து போக நேரம் இருந்திருந்தால்?

“என்ன அண்ணி, சாப்பாட்டுல ஏதாவது?” என்றான் கொழுந்தன்.

“ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு” என்றாள். அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். அவன் செய்த உபகாரம் அவனுக்கே தெரியாது.

மறுநாள் காலை மற்றவர்கள் வருமுன் போய்விட்டாள். சோதனை மேசையில் இருந்தது ஆஸ்பத்திரிக்குப் போகிற பெட்டி இல்லை. அதே மதர்போர்டு, அதே டிஸ்க், ஆனால் மேசையில் வசதிக்காகப் பெரிய பவர் சப்ளை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். செங்கல் கனம் இருக்கும். தேநீர்ப் பெரியவர் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரையே எமனாக்கினாள். “எப்ப தோணுதோ அப்ப பிடுங்குங்க” என்று சொல்லிவிட்டு, இத்தனை நாள் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். எல்லோரும் பார்க்கிற திரையைப் பார்க்காமல், குனிந்து டிஸ்க்கைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் கடுகளவு விளக்கு ஒன்று இருந்தது. டிஸ்க் எழுதும்போதெல்லாம் துடிக்கும்.

பெரியவர் பிடுங்கினார். திரை அணைந்தது, மதர்போர்டு செத்தது. அதற்குப் பிறகும் அந்தக் கடுகு விளக்கு துடித்தது. துடித்து, துடித்து, பிறகு அணைந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். கரண்ட் போகிறது என்று தெரிந்ததும் அந்தப் பெரிய சப்ளை மதர்போர்டை முதலில் நிறுத்திவிடுகிறது. தன் வயிற்றில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை டிஸ்க்குக்குக் கொஞ்ச நேரம் ஊட்டுகிறது. அந்த இடைவெளியில் டிஸ்க் மடியில் இருந்ததையெல்லாம் அள்ளி எழுதிவிட்டு, ஒன்றும் தெரியாத சாதுவாகப் படுத்துக்கொள்கிறது. ஆஸ்பத்திரிப் பெட்டியில் இருப்பதோ உள்ளங்கை அகல சப்ளை. கட்டில் சக்கரம் வயரில் ஏறினால் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். டிஸ்க் எழுந்து கேட்டுக்குப் போக நேரமே இருக்காது.

கொழுந்தன் வந்ததும் அவனை மேசைக்கு அழைத்தாள். “சுவர்ல பிடுங்க வேண்டாம். டிஸ்க்குக்குக் கரண்ட் போற வயரைப் பிடுங்கச் சொல்லு” என்றாள். கணக்குப் பிரிவு அம்மாளுக்குச் சொல்லியனுப்பியதும் மாடிப்படியில் ஓடியே வந்துவிட்டார். இந்த முறை டிஸ்க்கின் பின்புறம் இருந்த வயரைக் காட்டினார்கள். அம்மாள் ஒரு இழுப்பு இழுத்தார்.

திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்கள். பக்கத்துக் கணினி பச்சையென்று குறித்துவைத்த பதிவுகளில் கடைசியாக இருந்த ஒரு கொத்து டிஸ்க்கில் இல்லவே இல்லை. போயிற்று என்று பெட்டி சத்தியம் செய்த மருந்துகள், போனதாக எந்தத் தடயமும் இல்லை.

கொழுந்தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. அந்தக் கொத்துக்குள் யாரோ ஒருவரின் அம்மா படுத்திருக்கிறார் என்பது அவனுக்கும் புரியாமல் இல்லை. “வியாழக்கிழமை இதைத்தான் காட்டியிருப்போம்” என்றான்.

“காட்டலைல்ல” என்றாள் அண்ணி. நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஓரத்து மேசையை ஒரு முறை திரும்பியும் பார்த்துக்கொண்டாள். அவளும் மனுஷிதானே.

“உங்க வரிகளைத் திரும்பப் போட்டுடறேன் அண்ணி. ஆனா நாலு பம்ப் ஓடாதே. அதுக்கு என்ன பண்றது?”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஜெயித்த மயக்கத்தில் அதை அவள் மறக்கவில்லை. மெதுவான பெட்டியை எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது, வாங்காத பெட்டி யாரையும் காப்பாற்றாது. “அதை எங்கிட்ட விடு” என்றாள்.

அன்றும் மறுநாளும் அவள் இடத்தைவிட்டு அசையவில்லை. அவளுடைய முதல் வரிகளில் இருந்த முட்டாள்தனம் அவளுக்கே தெரிந்தது. நான்கு பம்பும் எழுதினால் நான்கு முறை தனித்தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு? ஒரு கேள்வி டிஸ்க்கிடம் போய்த் திரும்புவதற்குள் இன்னும் நாலைந்து பதிவுகள் வந்து சேர்ந்துவிடும். அத்தனைக்கும் சேர்த்து அடுத்து ஒரே கேள்வி போதும். திரும்பி வருகிற ஒரே பதிலில் அத்தனை பேருக்கும் பச்சை கொடுத்துவிடலாம். நாடித்துடிப்பின் கோடுகளைப் போல, ஒரு நொடி போனாலும் அடுத்த நொடி வந்துவிடுகிற பதிவுகளுக்கு அந்தக் கேள்வியே வேண்டாம். மருந்துக்கு மட்டும் கேட்டால் போதும்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. எழுதும்போது ஓர் இடத்தில் அவளும் வழுக்கினாள். கேள்வி கிளம்பிய பிறகு வந்த பதிவு ஒன்றுக்கும் அந்தக் கேள்வியின் பதிலையே கொடுத்து அனுப்பிவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது வேறு எதையோ பேசிக்கொண்டிருந்த கணவர், “வண்டி கெளம்பின பிறகு ஓடி வர்றவனுக்கு அந்த வண்டி டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுக்கறான், அந்தக் கண்டக்டரை என்ன பண்றது?” என்று டிப்போ கதையைப் புலம்பினார். அவள் எழுந்தே நின்றுவிட்டாள். அதே கண்டக்டர் அவள் கெர்னலுக்குள்ளும் இருந்தான். மறுநாள் போய் முதல் வேலையாக அவனை இறக்கிவிட்டாள். கிளம்பிய கேள்விக்கு முன்னால் எழுதி முடித்தது மட்டும் அந்தக் கேள்வியில், பிறகு வந்ததெல்லாம் அடுத்ததில். புதன்கிழமை மதியம் நான்கு பம்பும் ஓடின. கொழுந்தன் ஓட்டியதைவிட ஒரு மயிரிழை மெதுவாக, ஆனால் திணறாமல் ஓடின.

வரிசை ஒழுங்காக நகர்வதைத் திரையில் பார்த்துக்கொண்டு அவள் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பிளாக்குகள் வந்தன, சேர்ந்தன, இறங்கின, கேள்வி போயிற்று, பதில் வந்தது, பச்சைகள் கொத்தாக எரிந்தன. பிள்ளைகள் முதல் முதலாகச் சைக்கிளில் தனியாகப் போனபோதுதான் கடைசியாக இப்படி உட்கார்ந்து பார்த்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வாங்குகிற பிரிவின் அதிகாரி ஒருவர், தலைமை நர்ஸ் ஒருவர். நிறுவனத்தின் முதலாளியும் டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். மேசையில் இப்போது இருந்தது உண்மையான பெட்டி, உள்ளங்கை அகல சப்ளையோடு. தலைமை நர்ஸ் வாட்டசாட்டமான பெண்மணி. முதலாளி வேகத்தைப் பற்றியும் அழகான திரையைப் பற்றியும் அளந்துகொண்டிருந்ததைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். எமன் வழக்கத்தைப் பற்றிக் கொழுந்தன் சொன்னதும்தான் அவர் முகத்தில் களை வந்தது.

“நான் பிடுங்கலாமா?”

“நீங்கதான் பிடுங்கணும் மேடம். எப்ப வேணாலும்.”

“எந்த வயரை?”

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி முன்னால் வந்து பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டிஸ்க்குக்குப் போகிற வயரைக் காட்டினாள். “சுவர்லயும் பிடுங்கலாம். இதுலதான் டிஸ்க் தப்பிக்க முடியாது” என்றாள்.

பம்புகள் ஓடின. பச்சைகள் கொத்துக் கொத்தாக எரிந்தன. முதலாளி அதிகாரியிடம், “அதாவது எங்க பெட்டியோட சிறப்பு என்னன்னா” என்று ஆரம்பித்தார். சிறப்பு என்னவென்று அவர் சொல்லி முடிக்கவில்லை. தலைமை நர்ஸ் வயரைப் பிடுங்கிவிட்டார்.

மறுபடி வயரை மாட்டி, பெட்டியை எழுப்பினார்கள். அது நிதானமாக விழித்துக்கொண்டது. திரையில் பதிவுகள் வரிசையாக வந்து நின்றன. பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. “என்னப்பா, எல்லாம் இருக்கில்ல? ஆச்சா?” என்றார்.

அண்ணி கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு அவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் பதிலை அவளைப்போல் அறிந்தவர்கள் யார்? அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார், முதலாளி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் எல்லோரும் கைகுலுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம்.

“இருங்க சார்” என்றான் கொழுந்தன். “போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. கொழுந்தன் பக்கத்துக் கணினியின் முன் போய் உட்கார்ந்தான். பச்சைப் பட்டியலையும் டிஸ்க்கில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவசரப்படாமல், மேலிருந்து கீழே விரல் வைத்துக்கொண்டு வந்தான். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. சோதனை என்ன ஆகும் என்ற கவலைகூட அந்த நேரத்தில் பின்னால் போய்விட்டது. இந்தப் பையனுக்குத் தலை துவட்டிவிட்ட கை இது என்று நினைத்தாள். பெருமையாக இருந்தது.

“பச்சை வந்தது அத்தனையும் இருக்கு” என்றான் கடைசியில். “ஆனா நாலாவது பம்ப் கடைசியா செலுத்தின மருந்து ஒண்ணு பதிவுல இல்ல.”

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். முதலாளி டையைத் தளர்த்திக்கொண்டார்.

தலைமை நர்ஸ் மட்டும் குனிந்து பக்கத்துக் கணினியைப் பார்த்தார். “அதுக்குப் பச்சை காட்டுச்சா?”

“இல்ல மேடம்” என்றாள் அண்ணி. “எழுதச் சொல்லியிருந்தோம். டிஸ்க் இன்னும் உறுதி சொல்லல. அதுக்குள்ள நீங்க பிடுங்கிட்டீங்க. உறுதி வராம எங்க பெட்டி பச்சை காட்டாது.”

தலைமை நர்ஸ் நிமிர்ந்தார். அதிகாரியிடம் திரும்பி, வார்டில் பேசுகிற குரலில் சொன்னார்: “பச்சை வரலைன்னா நாங்க அப்பவே பம்பைப் போய்ப் பார்த்துக் கையால எழுதி வெச்சுப்போம். அது எங்களுக்குப் பழக்கம். பச்சையைக் காட்டிட்டுக் கையை விரிக்கிற பெட்டியாலதான் ஆபத்து. அப்படி ஒண்ணோட நாங்க பட்டிருக்கோம்.” பிறகு பெட்டியின் திறந்த வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “இந்த இடத்தை எழுதினது யாரு?”

கொழுந்தன் எழுந்து நின்றான். முதலாளி இருக்கிறார், வந்தவர்கள் இருக்கிறார்கள், ஓரத்து மேசைக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த முறை வாய் தவறவில்லை. ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி நிறுத்திச் சொன்னான்.

“எங்க அண்ணி.”

ஓரத்து மேசைக்காரர் தன் திரையை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கணக்குப் பிரிவு அம்மாள் தன் பங்கையும் யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தார்.

தலைமை நர்ஸ் அண்ணியை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். கை மறுபடி அந்த வயரைப் பிடித்திருந்தது. “இன்னொரு தடவை பிடுங்கட்டுமா?”

அண்ணி பெட்டியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“உங்க கை வலிக்கிற வரைக்கும் பிடுங்குங்க மேடம்” என்றாள்.